ஒரு குண்டும் இரு நூல்களும்

நீதிமன்றத்தில் சாட்சி கூற வருவோரை இரு வகையினராகப் பிரிக்கலாம். கண்ணால் கண்டதைக் கூறுவோர் ஒரு வகையினர். கல்வியாலும் பயிற்சியாலும் அறிந்ததைக் கூறுவோர் மற்றொரு வகையினர். முதல் வகையினரை நாம் எளிதில் நம்பிவிடுவதில்லை. கண் மயங்கும், நினைவு தடுமாறும், அச்சமும் ஆசையும் நாவைத் திருப்பிவிடும் என்பதை அறிவோம். இரண்டாம் வகையினர் உருப்பெருக்கியும் அளவுகோலும் ஏந்தி வரும்போதோ நமது ஐயம் அடங்கிவிடுகிறது. உயிரற்ற பொருள் பொய் சொல்லாது என்று கருதுகிறோம். அது உண்மைதான். ஆனால் உயிரற்ற பொருள் பேசுவதும் இல்லையே! அதன் சார்பில் பேசுகிறவன் மனிதன். அவன் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தான், கேட்டவர் அச்சொல்லை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதில் ஓர் உயிரே ஊசலாடக்கூடும்.

இதனை மனத்தில் இருத்திப் படிக்க வேண்டிய நூல்கள் இரண்டு. ஒன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்த ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டர் 1927-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சாக்கோ - வான்செட்டி வழக்கு' என்னும் சிறு நூல். அதன் சாரம் அவ்வாண்டு மார்ச் மாதம் 'அட்லாண்ட்டிக் மந்த்லி' இதழில் கட்டுரையாகவும் வந்தது. மற்றொன்று, அப்டன் சிங்க்ளேர் 1928-ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக வெளியிட்ட 'பாஸ்டன்' என்னும் நாவல். இரண்டும் ஒரே வழக்கைப் பற்றியவை. இரண்டும் தண்டனை பெற்றோரின் பக்கம் நின்று எழுதப்பெற்றவை. இடைவெளியோ ஓராண்டுதான். எனினும் காலம் இவ்விரு நூல்களையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. அது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கின் வரலாறு

1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத் பிரெயின்ட்ரீ என்னும் ஊரில், காலணித் தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பணத்தை எடுத்துச் சென்ற இருவர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் பட்டுவாடா அதிகாரி பார்மென்ட்டர். மற்றவர் காவலர் பெரார்டெல்லி. கொள்ளை போன தொகை 15,700 டாலருக்கும் மேல். மூன்று வாரங்கள் கழித்து, மே 5 அன்று, நிக்கோலா சாக்கோ, பார்ட்டோலோமியோ வான்செட்டி என்னும் இத்தாலியர் இருவர் கைதாயினர். முன்னவர் காலணித் தொழிலாளி. பின்னவர் மீன் வியாபாரி. பிழைப்புத் தேடி வந்து குடியேறிய இவ்விருவரும் அரசே கூடாது என்னும் கொள்கையினர். கைதானபோது இருவரிடமும் துப்பாக்கிகள் இருந்தன. சாக்கோவிடம் இருந்தது 32 அளவுள்ள கோல்ட் கைத்துப்பாக்கி.

1921-ஆம் ஆண்டு டெட்ஹாம் நகரில் நீதிபதி வெப்ஸ்டர் தேயர் முன்னிலையில் விசாரணை நடைபெற்றது. ஜூலை 14 அன்று ஜூரிகள் இருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தனர். ஆறாண்டுக் காலம் மறுவிசாரணை கோரும் மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்பட்டன. உலகின் பல நகரங்களில் எழுந்த எதிர்ப்புக் குரல்களுக்கிடையே, 1927-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று இருவரும் மின்சார நாற்காலியில் உயிர் துறந்தனர்.

இறந்தவர்களின் உடல்களில் பாய்ந்த குண்டுகள் மொத்தம் ஆறு. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகாணி மரைபோல் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு அவற்றினூடே உராய்ந்து வெளிவருவதால் அவ்வரிகள் அதன்மேல் பதிகின்றன. ஆறு குண்டுகளில் ஐந்தின்மேல் இருந்த வரிகள் வலஞ்சுழி. ஒன்றின்மேல் மட்டும் இடஞ்சுழி. பெரார்டெல்லியின் உயிரைப் பறித்தது அந்த ஒன்றே. பிரேத பரிசோதனை செய்த மருத்துவர் அதன் அடியில் ஊசியால் மூன்று கோடுகள் கீறி அடையாளமிட்டார். கோல்ட் துப்பாக்கியின் வரிகள் இடஞ்சுழி. ஆகவே வழக்கு முழுதும் இந்த 'மூன்றாம் குண்டை' வட்டமிடலாயிற்று.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். மணலில் பதிந்த செருப்புத் தடத்தைக் கண்டு, இது இன்ன அளவுள்ள, இன்ன கம்பெனியின் செருப்பு என்று கூறிவிடலாம். அந்த அளவில், அந்த வகையில் ஆயிரம் செருப்புகள் ஊரில் இருக்கும். அத்தடத்தில் ஓர் ஆணியின் தேய்வோ தோலின் வெட்டோ தெரிந்து, அதே தேய்வும் வெட்டும் ஒரு குறிப்பிட்ட செருப்பில் காணப்படுமானால் மட்டுமே அது இன்னாருடைய செருப்பு என்னும் பேச்சுக்கு இடம் உண்டு. குண்டும் அவ்வாறே. வரிகளின் திசையும் எண்ணிக்கையும் அகலமும் வகையை மட்டுமே காட்டும். குழலுக்குள் இருக்கும் நுண்ணிய கீறல்களின் பதிவே தனித் துப்பாக்கியைக் காட்டக்கூடியது. முன்னதை இனக்குறி என்றும் பின்னதைத் தனிக்குறி என்றும் நாம் பெயரிட்டுக்கொள்வோம். இனக்குறியைத் தனிக்குறியாக மயங்குவதே இத்தகைய வழக்குகளில் நேரும் முதற் பிழை.

ஒரு சொல்லின் சுமை

ஃபிராங்ஃபர்ட்டரின் நூலில் தலைசிறந்த பகுதி, இந்த மயக்கம் டெட்ஹாம் நீதிமன்றத்தில் எவ்வாறு நேர்ந்தது என்பதை அவர் எடுத்துக்காட்டும் பகுதியாகும்.

அரசுத் தரப்பில் துப்பாக்கி நிபுணர்களாகச் சாட்சி சொன்னோர் இருவர். மாநிலக் காவல்துறையின் கேப்டன் வில்லியம் பிராக்டர், மூன்றாம் குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டிருப்பதற்கு 'ஒத்திருக்கிறது' என்றார். மற்றவரான சார்லஸ் வான் ஆம்பர்க், அதிலிருந்து சுடப்பட்டது என்றே 'நம்பத் தோன்றுகிறது' என்றார். தற்காப்புத் தரப்பு நிபுணர்கள் இருவரும் அந்தத் துப்பாக்கி அன்று என்றனர். ஜூரிகளுக்கு அறிவுரை வழங்கிய நீதிபதியோ, சாக்கோவின் துப்பாக்கியே அக்குண்டைச் சுட்டது என்பது அரசின் கூற்று என்றும், அதற்குப் பிராக்டரும் வான் ஆம்பர்க்கும் சாட்சியம் அளித்துள்ளனர் என்றும் எடுத்துரைத்தார். 'ஒத்திருக்கிறது' என்ற சொல் சாட்சிக் கூண்டிலிருந்து நீதிபதியின் ஆசனம் வரை செல்வதற்குள் 'அதுவேதான்' என்று உருமாறிவிட்டது.

தீர்ப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1923-ஆம் ஆண்டு அக்டோபரில், பிராக்டர் ஒரு பிரமாணப் பத்திரம் அளித்தார். அக்குண்டு சாக்கோவின் துப்பாக்கியைக் கடந்து வந்தது என்று காட்டும் சான்று எதனையும் தாம் காணவில்லை என்றும், இதனை விசாரணைக்கு முன்பே அரசு வழக்கறிஞர் காட்ஸ்மனிடம் பன்முறை கூறியதாகவும், நேரடியாகக் கேட்டிருந்தால் 'இல்லை' என்றே விடையளித்திருப்பதாகவும் அதில் தெரிவித்தார். கேள்வி அவ்வாறு கேட்கப்படவில்லை. 'ஒத்திருக்கிறதா' என்று கேட்கப்பட்டது. 'ஒத்திருக்கிறது' என்று விடை வந்தது. அந்தச் சொல்லுக்கு அவர் கொண்ட பொருளோ, கோல்ட் வகைத் துப்பாக்கி ஒன்றிலிருந்து சுடப்பட்டது என்பது மட்டுமே.

இதற்கு அரசு வழக்கறிஞர் அளித்த மறுப்பை ஃபிராங்ஃபர்ட்டர் நிறுத்தெடுக்கும் முறை, சொல்லாராய்ச்சியில் பழகியோர் அனைவரும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. பிராக்டர் 'பன்முறை' தம்மிடம் கூறவில்லை என்றும், தாம் 'பன்முறை' கேட்கவில்லை என்றும் காட்ஸ்மன் மறுத்தார். அப்படியானால் ஒருமுறை? அதற்கு அம்மறுப்பில் விடை இல்லை. நூலாசிரியர் குரலை உயர்த்துவதில்லை, பழிச்சொல் வீசுவதில்லை. மறுக்கப்பட்டது எது, மறுக்கப்படாதது எது என்று பிரித்து வைக்கிறார். படிப்பவர் உள்ளம் நடுங்குகிறது.

எனினும் இப்பழி முழுவதையும் அரசுத் தரப்பின் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது. அந்நேரடிக் கேள்வியைக் கேட்கும் உரிமை தற்காப்பு வழக்கறிஞர்களுக்கும் இருந்தது. அவர்களும் கேட்கவில்லை. விடை பாதகமாக வந்துவிடுமோ என்ற அச்சத்தில், உண்மைக்கு வழிவிடக்கூடிய ஒரே கதவை இரு தரப்பாரும் தட்டாமலே விட்டனர்.

ஆசிரியர் சறுக்கும் இடம்

இத்துணைச் சிறப்புடைய நூலில் குறை இல்லாமல் இல்லை. 1925-ஆம் ஆண்டில், சிறையிலிருந்த மடீரோஸ் என்னும் கைதி, அக்கொள்ளையில் தான் பங்குகொண்டதாகவும் சாக்கோவும் வான்செட்டியும் அதில் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தான். தற்காப்பு வழக்கறிஞர்கள் இதனைத் தொடர்ந்து சென்று, பிராவிடன்ஸ் நகரத்து மொரெல்லி கும்பலே குற்றவாளிகள் என்னும் கருத்தை உருவாக்கினர். ஃபிராங்ஃபர்ட்டர் இவ்விரு கருத்துகளையும் அடுத்தடுத்து நிறுத்தி ஒப்பிட்டு, மொரெல்லிகளின் பக்கமே தட்டு தாழ்வதாகக் காட்டுகிறார். மொரெல்லியிடம் 32 அளவுள்ள கோல்ட் இருந்தது. அவனுடைய கூட்டாளியின் துப்பாக்கி மற்ற ஐந்து குண்டுகளுக்கும் பொருந்தும் வகையினது என்கிறார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. 'பொருந்தும் வகையினது' என்பது என்ன? 'ஒத்திருக்கிறது' என்பதன் மறுவடிவமன்றோ! அந்தத் துப்பாக்கிகளையும் குண்டுகளையும் எவரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. பிராக்டரின் சொல்லில் இருந்த ஓட்டையை அத்துணைக் கூர்மையாகக் கண்ட விழிகள், தம் பக்கத்துச் சொல்லில் இருந்த அதே ஓட்டையைக் காணத் தவறின. இடிக்கும்போது உறுதியாக நின்ற ஆசிரியர், கட்டும்போது சறுக்கினார் என்பதே நமது கருத்து. புகழ்பெற்ற சட்ட அறிஞரான விக்மோர் 1927-இல் இந்நூலைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அவர் இக்குறையைச் சுட்டியிருந்தால் பயன் விளைந்திருக்கும். ஆசிரியரின் நேர்மையைச் சாடப் புகுந்ததால் அத்தாக்குதல் நிலைக்கவில்லை.

நிபுணர் என்னும் பட்டம்

தற்காப்புத் தரப்பின் மற்றொரு செயலையும் இங்குக் கூறியாக வேண்டும். மறுவிசாரணைக்காக அவர்கள் அமர்த்திய நிபுணர் ஆல்பர்ட் ஹாமில்ட்டன் என்பவர். இவர் மருந்துக் கடை நடத்தியவர். மருத்துவப் பட்டம் பெறாமலே 'டாக்டர்' என்று தம்மை அழைத்துக்கொண்டவர். இவருடைய முன்வரலாறு அச்சமூட்டுவது. 1915-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்டீலோ என்னும் பண்ணைத் தொழிலாளியின் கொலை வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியாக வந்து, கொலைக் குண்டுகள் அவனுடைய துப்பாக்கியிலிருந்தே வந்தவை என்று உறுதியாகச் சொன்னார். அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் நடந்த மறு ஆய்வில், அத்துப்பாக்கி அக்குண்டுகளைச் சுட்டிருக்க இயலாது என்று வெளிப்பட்டது. 1918-இல் ஸ்டீலோ விடுதலையானான். அவ்வாய்வில் பங்குகொண்ட சார்லஸ் வெயிட் என்பவரே, இத்தகைய கொடுமை மீண்டும் நேரலாகாது என்று, துப்பாக்கிச் சான்றுகளை முறையாக ஆராயும் நிலையம் ஒன்றை 1925-இல் நியூயார்க்கில் தோற்றுவித்தவர்களுள் ஒருவர்.

அதே ஹாமில்ட்டன் 1923-இன் இறுதியில் டெட்ஹாம் நீதிமன்றத்துக்கு இரண்டு புதிய கோல்ட் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து, அவற்றையும் சாக்கோவின் துப்பாக்கியையும் நீதிபதியின் முன்னிலையிலேயே பிரித்துக் காட்டி மீண்டும் பூட்டினார். சில வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, சாக்கோவின் துப்பாக்கியில் புத்தம் புதிய குழல் இருந்தது. துருவேறிய பழைய குழல் புதுத் துப்பாக்கி ஒன்றில் இருந்தது! இதனை மாற்றியவர் யார் என்று நீதிபதி முடிவு கூறவில்லை. பழைய குழலை உரிய இடத்தில் பொருத்துமாறு மட்டும் ஆணையிட்டார்.

வழக்கின் சான்றுப் பொருள் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன்மீது ஒருமுறை கறை படிந்துவிட்டால், பின்னர் எத்துணை நுட்பமான கருவி கொண்டு ஆராய்ந்தாலும் அக்கறை நீங்குவதில்லை. அவ்வழக்கு முடிந்த பிறகும் அத்துப்பாக்கியும் குண்டுகளும் அரசின் பாதுகாப்பில் வைக்கப்படவில்லை. அரசுத் தரப்பு நிபுணரான வான் ஆம்பர்க்கின் குடும்பத்தாரிடமே நெடுங்காலம் இருந்து, 1960-ஆம் ஆண்டில்தான் மீட்கப்பட்டன.

கதையும் கடிதமும்

இனிச் சிங்க்ளேரின் 'பாஸ்டன்' நாவலுக்கு வருவோம். முன்னாள் ஆளுநர் ஒருவரின் விதவையான கொர்னீலியா, கணவர் மறைந்ததும் செல்வக் குடும்பத்தை விட்டு வெளியேறி, பிளிமத் நகரின் கயிற்று ஆலையில் கூலி வேலைக்குச் சேர்கிறாள். வான்செட்டி தங்கியிருந்த வீட்டிலேயே குடியிருக்கிறாள். அவளுடைய கண்களின் வழியே பாஸ்டன் மேட்டுக்குடியின் ஆணவமும் குடியேறிய தொழிலாளரின் வறுமையும் நமக்குக் காட்டப்படுகின்றன. ஆலையின் இரைச்சல், வேலைநிறுத்த நாட்களின் பசி, சொத்துக்காகப் பிளவுபடும் பெரிய குடும்பத்தின் சிறுமை ஆகியவற்றைச் சித்திரிப்பதில் ஆசிரியரின் கைவண்ணம் மிளிர்கிறது. மெய்யான மனிதர்கள் மெய்ப்பெயருடனும் கற்பனை மாந்தர் கற்பனைப் பெயருடனும் வருவர் என்று முன்னுரையிலேயே அறிவித்துவிடும் நேர்மையும் பாராட்டுக்குரியது.

ஆயினும் கதை நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் நாவலின் இயல்பே அதற்குத் தடையாகிறது. வான்செட்டியின் மென்மையையும் நூற்பற்றையும் பல நூறு பக்கங்களில் கண்டு பழகிய வாசகர், 'இவர் இதனைச் செய்திருக்க மாட்டார்' என்ற முடிவுடனேயே விசாரணையைக் கேட்கிறார். குண்டின் வரிகளைப் பற்றிய வாதம் அவர் செவியில் ஏறுவதில்லை. நல்லவன் குற்றம் செய்திருக்க மாட்டான் என்பது பரிவின் முடிவே அன்றி ஆய்வின் முடிவாகாது. 'அந்நியன், அரசை எதிர்ப்பவன், ஆகவே செய்திருப்பான்' என்று அன்றைய மாசசூசெட்ஸில் பலர் எண்ணியதும் இதே வழியில்தான். திசைதான் வேறு.

சிங்க்ளேர் இதனை உணராதவர் அல்லர். நாவலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், முதல் தற்காப்பு வழக்கறிஞரான ஃபிரெட் மூர் தம்மிடம் இருவரும் குற்றவாளிகளே என்று சொன்னதாக, 1929-ஆம் ஆண்டு தம் வழக்கறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்தார். அக்கடிதம் 2005-ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தபோது, நாவலாசிரியர் உலகை ஏமாற்றிவிட்டார் என்று சிலர் முழங்கினர். இது மிகையான கூற்று. மூரின் பேச்சைப் பற்றிச் சிங்க்ளேரே 1953-இல் அச்சில் எழுதியிருக்கிறார். அவ்விருவரும் குற்றத்தைத் தம்மிடம் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை என்று மூர் சொன்னதையும் அங்கே குறித்திருக்கிறார். மேலும், மூர் அவ்வழக்கிலிருந்து 1924-இல் மனக்கசப்புடன் விலகியவர். அவருடைய சொல்லும் நிறுக்கப்பட வேண்டிய சொல்லே அன்றித் தீர்ப்பு அன்று.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அச்செய்தி நாவலின் உயிரைத் தாக்குகிறதா? தாக்கத்தான் செய்கிறது. தற்காப்புத் தரப்பிலும் பொய்ச்சாட்சியின் ஆசை தலைகாட்டுவதை நாவல் மறைக்கவில்லை என்றாலும், அதன் கண்ணீர் அனைத்தும் அவர்கள் குற்றமற்றவர்கள் என்ற அடித்தளத்தின் மேலேயே நிற்கிறது. அடித்தளம் அசையும்போது கண்ணீரும் ஐயத்துக்குள்ளாகிறது.

பின்வந்த ஆய்வுகள்

ஃபிராங்ஃபர்ட்டரின் நூல் இன்னும் பெரிய சோதனையைச் சந்தித்தது. அந்நூல் வெளிவந்த சில மாதங்களில், 1927 ஜூனில், கால்வின் காடார்ட் என்னும் ஆய்வாளர் ஒப்பீட்டு நுண்ணோக்கி என்னும் புதிய கருவியுடன் டெட்ஹாம் வந்தார். இரண்டு குண்டுகளை ஒரே நேரத்தில் அருகருகே வைத்து நோக்கும் கருவி அது. மூன்றாம் குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கூறினார். 1961-இல் நடந்த சோதனையும், 1983-இல் ஒரு நிபுணர் குழு செய்த ஆய்வும் அதே முடிவுக்கே வந்தன.

ஆனால் 1985-இல் வெளியான ஒரு நூலில் வில்லியம் யங், டேவிட் கைசர் என்னும் இருவர் வேறொரு வினாவை எழுப்பினர். அக்குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அது பெரார்டெல்லியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட குண்டுதானா? சோதனைக்காகச் சுடப்பட்ட குண்டு ஒன்று இடையில் மாற்றி வைக்கப்பட்டதா? காவலரை ஒருவனே சுட்டான் என்பது சில சாட்சிகளின் கூற்றாக இருக்க, நான்கு குண்டுகளில் ஒன்று மட்டும் வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது எப்படி? இவ்வினாவுக்கு நுண்ணோக்கி விடையளிக்காது. அமானிதத்தைக் காத்தவர்களே விடையளிக்க வேண்டும். அவர்களோ இன்று இல்லை.

துப்பாக்கி ஆய்வுக் கலையே இன்று ஐயத்துக்குட்பட்டு நிற்கிறது. குண்டின் குறிகளை ஒப்பிடும் முறைக்குப் போதிய அறிவியல் அடித்தளம் இன்னும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2009-இலும், அந்நாட்டு அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு 2016-இலும் அறிக்கை வெளியிட்டன. நிபுணர்கள் எந்த அளவுக்குப் பிழை செய்வர் என்பதைச் சோதித்து அறியாமல் 'அதுவேதான்' என்று உரைப்பது தகாது என்பதே அவற்றின் சாரம். பிராக்டரின் பிரமாணப் பத்திரத்தைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

இவ்வாய்வுகளால் ஃபிராங்ஃபர்ட்டரின் நூல் வீழ்ந்துவிட்டதா என்றால், இல்லை. மொரெல்லி கும்பலைப் பற்றிய பகுதி வலுவிழந்தது உண்மை. ஆனால் நூலின் முதுகெலும்பு அதுவன்று. 'இவர்கள் குற்றமற்றவர்கள்' என்பதைவிட, 'இவர்கள் குற்றவாளிகள் என்பது இந்த விசாரணையில் மெய்ப்பிக்கப்படவில்லை' என்பதே அவர் உறுதியாக நிறுவியது. 1927-இல் நுண்ணோக்கி எதைக் கண்டிருந்தாலும், 1921-இல் ஜூரிகள் கேட்டது 'ஒத்திருக்கிறது' என்ற சொல்லைத்தான். அவர்களுக்கு விளக்கப்பட்டது வேறு பொருள்தான். பின்னால் கிடைக்கும் சான்று முன்னால் நடந்த விசாரணையை நேர்மையாக்கிவிடாது. மற்றொன்றும் உண்டு. மூன்றாம் குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்தே வந்ததென்று கொண்டாலும், அது வான்செட்டியைத் தொடவே இல்லை. ஒரே தீர்ப்பில் இருவர் பெயரும் எழுதப்பட்டதால், ஒருவர்மீதுள்ள ஐயம் மற்றவர்மீதும் படர்ந்தது. இதனையும் மறந்துவிட்டு 'குண்டு பேசிவிட்டது' என்று கூறுவோர் இன்றும் உளர்.

வழக்கு முழுதும் பயனற்றுப் போகவில்லை என்பது ஓர் ஆறுதல். சட்டப் பிழைகளை மட்டுமே ஆராயலாம், சான்றுகளின் வலிமையை ஆராயலாகாது என்றிருந்த மாசசூசெட்ஸ் உயர் நீதிமன்றத்துக்கு, மரண தண்டனை வழக்குகளில் இரண்டையும் முழுமையாக ஆராயும் அதிகாரம் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழங்கப்பட்டது. 1977-இல் ஆளுநர் டுக்காக்கிஸ் வெளியிட்ட அறிக்கை, அவ்விருவர் பெயரிலும் படிந்த களங்கம் நீக்கப்பட வேண்டும் என்றது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கவில்லை, விசாரணை நேர்மையாக நடைபெறவில்லை என்றது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் அரசு வந்து சேர்ந்த இடம், ஃபிராங்ஃபர்ட்டர் தொடக்கத்திலேயே நின்ற இடமாகும்.

சர்ச்சைக்குரிய வழக்கைப் பற்றி எழுதும் நூலுக்கு நாம் வைக்க வேண்டிய உரைகல் ஒன்றுதான்: நாளை ஒரு புதிய சான்று, ஆசிரியரின் விருப்பத்துக்கு மாறாக வெளிவந்தாலும், அந்நூல் சொன்னது நிற்குமா? 'பாஸ்டன்' நாவல் இவ்வுரைகல்லில் பாதி மங்குகிறது. ஏழைத் தொழிலாளரின் வாழ்வைக் காட்டிய பாதி ஒளிர்கிறது. ஃபிராங்ஃபர்ட்டரின் சிறு நூல், ஒரு பகுதி நீங்கலாக, மாற்றுக் குறையாமல் நிற்கிறது. நாவலைக் கதைச் சுவைக்காகப் படிக்கலாம். செய்தித்தாளில் 'நிபுணர் உறுதி செய்தார்' என்ற வரியைக் காணும்போது, அந்நிபுணர் உண்மையில் உரைத்த சொல் எது என்று கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டுமென்றால், ஃபிராங்ஃபர்ட்டரின் நூலை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.